பக்கத்து நாட்டுப் பட்டாளத்தில் என் மகன்

என் மகன் பட்டாளத்துக்குப் போகப்போகிறான் என்பது எனக்கு ஜட்டிக் கடையில் வைத்துத்தான் தெரியவந்தது.

மலேசியாவில், கிள்ளான் லிட்டில் இந்தியா. கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை. நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு பாட்டைப் போட்டு, எதுவுமே காதில் விழாதபடி பார்த்துக்கொண்டது. சிங்கப்பூரிலிருந்து என் சகலை குடும்பம் வந்திருந்தது. சகலை என்றால் என் மனைவியின் அக்கா புருஷன். அவர்களோடு என் மகனும் வந்திருந்தான். எழுதும்போதே பாருங்கள், ஏதோ விருந்தாளியைச் சொல்வது மாதிரி வருகிறது. ஒன்பது வயதிலிருந்து அவர்கள் வீட்டில் தங்கி அங்கேதான் படித்தான். லீவுக்கு வருவான், லீவு முடிந்தால் போவான். அந்த வருஷம்தான் பதினெட்டு முடிந்து, பெரிய பரீட்சையும் எழுதியிருந்தான்.

இனிமேல் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் பனியனும் ஜட்டியுமாக அள்ளிக் கூடையில் போட்டேன். சகலை எட்டிப் பார்த்தார்.

"எதுக்கு தம்பி இவ்ளோ? பிப்ரவரிக்கு அப்புறம் உள்ளுக்குப் போடறதும் வெளியில போடறதும் எல்லாம் கவர்மெண்டே குடுக்கும்லா."

"எந்தக் கவர்மெண்டுண்ணே?"

"நம்ம கவர்மெண்டுதான்."

அவருடைய 'நம்ம' சிங்கப்பூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. கிள்ளான்காரர்தான், ஆனால் அங்கே குடியுரிமை வாங்கிவிட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் திடீரென்று ஆண்கள் பெல்ட்டில் ஆர்வம் காட்டினாள். மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியம்மா, அதாவது மனைவியின் அக்கா, கழுத்துச் சிலுவையைத் திருகிக்கொண்டிருந்தார். கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த பங்களாதேஷ் தம்பிகூட என்னைப் பாவமாகப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருக்கும் போல.

"நேஷனல் சர்வீஸ் தம்பி. ரெண்டு வருஷம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றார் சகலை.

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு ஜோக் வரும். "அப்ப ஜட்டி பச்சைக் கலர்லயே எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். சகலை விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் நான் கூடையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தேன். அளவு பார்க்காமல் வைத்ததில் எல்லாமே குழந்தைகள் வரிசைக்குப் போய்விட்டது.

நான் எப்படி இந்த அளவுக்கு முட்டாளாக இருந்தேன் என்று கேட்பீர்கள். சாதாரண முட்டாளாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். நான் மலேசியத் தமிழ் முட்டாள். அதற்கென்று தனிக் காரணம் உண்டு.

என் சித்தப்பா ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. அதனால் அவருக்குக் கிடைத்தது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. நீலம் வைத்திருப்பவன் குடிமகன். சிவப்பு வைத்திருப்பவன் நிரந்தரவாசி. இருக்கலாம், உழைக்கலாம், ஓட்டுப் போட முடியாது. மனுஷனுக்குச் சின்ன வயதிலிருந்து பட்டாள ஆசை. நெஞ்சு இருந்தது, உயரம் இருந்தது. கிள்ளானில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய் ஓடினார், தாண்டினார், தொங்கினார். கடைசியில் ஐசியைக் காட்டச் சொன்னார்கள். நிறத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போ என்றார்கள். அதற்கப்புறம் ஆயுள் முழுக்க ஒரு பேக்டரி வாசலில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை பார்த்தார். உள்ளே வரும் ஒவ்வொரு லோரிக்கும் விறைப்பாக சல்யூட் அடிப்பார். மீன் லோரிக்கும் அடிப்பார். நாட்டைக் காப்பாற்ற விடவில்லை, பிளாஸ்டிக் வாளிகளைக் காப்பாற்றினார்.

இந்தச் சித்தப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே என் மண்டையில் ஒரு சட்டம் பதிந்திருந்தது: குடியுரிமை இல்லாதவனைப் பட்டாளம் தொடாது. கெஞ்சினாலும் தொடாது. உலகம் முழுக்க இப்படித்தான் என்று நான் நம்பினேன். கிள்ளானைத் தாண்டியும் உலகம் இருக்கிறது என்பதை நான் அவ்வப்போது மறந்துவிடுவேன்.

பிற்பாடு நான் லிப்ட் மெக்கானிக்காகச் சிங்கப்பூருக்குப் போனேன். மனைவி, கைக்குழந்தையோடு சகலையின் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் மகன் அந்த வீட்டில் தரையில் நடந்ததே இல்லை. பெரியம்மா இடுப்பிலிருந்து பெரியப்பா தோளுக்கு, அங்கிருந்து திரும்ப இடுப்புக்கு. பள்ளிக்கூட வயது வந்ததும் சகலைதான் ஆரம்பித்தார். பிஆர் எடுத்துவிடு, நிரந்தரவாசி ஆகிவிட்டால் பள்ளியில் இடம் சுலபம், கட்டணமும் குறைவு, பையனுக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றார். எனக்குள் ஒரு மணி அடிக்கத்தான் செய்தது. வேலை இடத்தில் ஒரு சீனத் தோழன் ஏதோ சொல்லியிருந்தான். நான் சகலையிடம் நேரடியாகவே கேட்டேன். சமையலறையில், அவர் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பிஆர் எடுத்தா பையன ஆர்மிக்கு இழுத்துக்குவாங்களாமே?"

"யாருலா சொன்னது? அது சிட்டிசனுக்கு. நீ சிட்டிசனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

கருவாட்டைத் திருப்பிப் போட்டார். என் சித்தப்பா சட்டமும் அவர் சொன்னதும் பொருந்திப் போயின. விண்ணப்பப் பாரத்தை அவரே நிரப்பினார். அவர் விரல் வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டு மனுஷன் பேச்சை நம்பாமல் பாரத்தைப் படிப்பது மரியாதை இல்லை என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது.

அப்புறம், அவனுக்கு ஒன்பது வயதில், அந்த வேலை போய் நாங்கள் கிள்ளான் திரும்ப வேண்டிவந்தது. பையன் படிப்பைக் கெடுக்க வேண்டாம், பெரியம்மா என்றால் அம்மாதானே, அங்கேயே இருக்கட்டும் என்று மனைவி சொன்னாள். பெரியம்மா அம்மாதான். ஆனால் அந்தக் கணக்கில் பெரியப்பா யாராகிறார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

ஜட்டிக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும், தாபாவ், அதாவது பொட்டலச் சாப்பாடு, வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு மாமாக் கடைக்கு, எங்கள் பக்கத்து முஸ்லிம் ரொட்டிக் கடைக்கு, ஓடினேன். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஓய்வுபெற்ற ராணுவ சார்ஜெண்ட் ஒருவர் இருக்கிறார். தமிழர். சாயங்காலமானால் அந்தக் கடையில் தே தாரிக்கோடு, அதாவது ஆற்றின பால் டீயோடு, உட்கார்ந்து போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களைக் கண்டபடி திட்டுவார். அவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, ஒரு நாட்டுக்காரன் இன்னொரு நாட்டு ஆர்மில இருக்கலாமா?"

"யாரு, நீயா? உன்ன எங்கயும் எடுக்க மாட்டான். உக்காரு."

விஷயத்தைச் சொன்னேன். அவர் கிளாசைக் கீழே வைத்தார்.

"நாம சிவப்பு ஐசிய எடுக்க மாட்டோம். அவன் எடுப்பான். சின்ன ஊரு, ஆளு பத்தல. அப்பன் பிஆர் வாங்கி, பையனுக்கும் சேத்து வாங்கினா பையன் போயே ஆகணும். இது தெரியாதா உனக்கு?"

"எல்லாருக்கும் தெரியுமாண்ணே?"

"இந்தா," என்று ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு மலாயில் கேட்டார். அவன் மாவைச் சுழற்றியபடியே, கட்டாயம் போகணும் பாஸ் என்றான்.

"போகாம இருந்தா?" என்று கேட்டேன்.

"அப்புறம் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாது. போனா பிடிப்பான். படிச்ச ஊரு, கூட்டாளி, வேலை, எல்லாம் கட்" என்றார் சார்ஜெண்ட்.

"போனா நம்ம ஐசிய நம்மாளு புடுங்கிருவானா?"

"எனக்குத் தெரிஞ்ச நாலஞ்சு பையனுங்க அங்க முடிச்சிட்டு வந்து இங்க நல்லாத்தான் இருக்கானுங்க. சட்டம் என்ன சொல்லுதுன்னு வக்கீல்கிட்ட கேளு. எனக்கு லெப்ட் ரைட்தான் தெரியும்."

நான் கேட்க நினைத்த முக்கியமான கேள்வியைக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டேன். "ரெண்டு நாட்டுக்கும் சண்டை வந்தா?"

அவர் கிளாசை மறுபடி எடுத்தார். "எதுக்கு வரும்?"

"தண்ணிக்கு. நம்ம தண்ணியத்தானண்ணே அவன் குடிக்கிறான்."

"வந்தா நீ மொதல்ல பாத்ரூம்ல தண்ணி பிடிச்சு வை" என்றார்.

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் காரில் உட்கார்ந்ததும் சண்டை வந்துவிட்டது. பாலத்தின் அந்தப் பக்கம் மணல் மூட்டைக்குப் பின்னால் என் மகன். இந்தப் பக்கம் கஸ்டம்ஸ் வரிசையில் நான், கையில் அவனுக்குப் பிடித்த கோழிப் பிரட்டல் டப்பா. சந்தேகத்துக்கு இடமான டப்பா என்று அவன் மேலதிகாரி சொல்கிறார். மகன் குறி பார்க்கிறான். சகலை பக்கத்தில் நின்று, "சுடு தம்பி, கவர்மெண்டே எல்லாம் பாத்துக்கும்" என்கிறார். சிக்னல் பச்சைக்கு மாறியதுகூடத் தெரியாமல் நான் செத்துக் கிடந்தேன். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்துத்தான் எழுப்பினான்.

சாப்பாடு முடிந்தபின் ஆரம்பித்தேன். ஹாலில் சகலை முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். மகன் மாடியில் இருந்தான். பெண்கள் இருவரும் கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அன்னிக்கு நான் கேட்டேன். நீங்க சிட்டிசனுக்கு மட்டும்னு சொன்னீங்க."

"எப்ப?"

"கருவாடு வறுக்கறப்ப."

"கருவாடு வறுக்கறப்ப ஆயிரம் பேசுவோம் தம்பி."

"உங்களுக்கு அப்ப தெரியுமா, தெரியாதா?"

முறுக்கு நின்றது. எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் இப்படி ஒரு குரலை எதிர்பார்ப்பதில்லை. எனக்கே அது யாருடைய குரல் என்று தெரியவில்லை.

"தெரியும்" என்றார். "சொல்லியிருந்தா நீ பையன விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

ஒரு மனுஷன் இவ்வளவு நேர்மையாக ஒரு பொய்யை ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது என்று தெரியவில்லை. அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. நல்லது செய்தவனின் முகம் அது. நல்ல பள்ளிக்கூடம், நல்ல இங்கிலீஷ், நல்ல தோழர்கள் என்று அவர் எண்ண ஆரம்பித்தார். நான் மனைவி பக்கம் திரும்பினேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

அவள் மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பதிவு பண்ணச் சொல்லி லெட்டர் வந்தப்ப. அவனுக்குப் பதினாறரை வயசுல."

"போன வருஷம் அக்காவுக்கு மூட்டு வலின்னு போனியே?"

"மூட்டு வலியும் இருந்துச்சு. அவனுக்கு மெடிக்கல் செக்கப்பும் இருந்துச்சு."

நான் அந்த மூட்டுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தேன். வேறு ஒருவன் இதைச் சொன்னால் நானே சிரித்திருப்பேன்.

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீங்க என்னங்க பண்ணுவீங்க? ஒன்னு, ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீங்க. இல்லன்னா பயந்து அவன வீட்டுக்கு இழுத்துட்டு வந்துருவீங்க. அக்காவுக்கு வேற யாரு இருக்கா? அவங்களுக்குப் பிள்ளை இல்லைங்க."

"இப்ப நமக்கும் இல்ல" என்றேன்.

அதை நான் ஜோக்காகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பழக்கதோஷத்தில் சகலை சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பெரியம்மா மாவுக் கையோடு எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

நான் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். கிறிஸ்மஸ் பூசைக்கு மட்டும் இன்னும் அங்கே உள்ள கோயிலுக்குத்தான் போவோம். பூசை முடிந்து மற்றவர்கள் வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, வடை வாங்கித் தருகிறேன் என்று மகனைத் தனியாகக் கூட்டிப் போனேன். அவன் என்னைவிட ஒரு தலை உயரம். நடக்கும்போது ஏற்கெனவே பட்டாளத்தில் இருப்பவன் மாதிரி எனக்குத் தெரிந்தது, அல்லது என் பயம் அப்படி நடந்தது. ரோட்டோரக் கடையில் வடை சட்டியிலிருந்து நேராக வந்தது. ஓரமாக நின்றோம்.

"உனக்கு விருப்பம் இல்லன்னா சொல்லுடா. ஏதாச்சும் வழி இருக்கும். நான் வக்கீலப் பாக்கறேன்."

"எனக்கு விருப்பம்தான்ப்பா."

"அது உன் நாடு இல்லையேடா."

அவன் வடையை ஊதினான். "என் கிளாஸ்ல எல்லாப் பயலும் போறான். நான் மட்டும் மலேசியன்னு சொல்லி ஓடிவந்தா, அங்க படிச்சதெல்லாம் ஓசியில தின்னுட்டு ஓடின மாதிரி இருக்கும்ப்பா. நான் அங்கதான வளந்தேன்?"

அவன் குற்றம் சாட்டவில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னான்.

"சண்டை வந்தா என்ன சுடுவியா?"

"நீங்க எதுக்கு பார்டர்ல வந்து நிக்கிறீங்க?"

"உன்னப் பாக்கத்தான்."

அவன் சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. போகிற அன்றைக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன். குடும்பத்தையும் கூட்டிப் போவார்களாம். பெர்ரியில் ஏறி, பயிற்சி முகாம் இருக்கும் தீவுக்குப் போய், அவன் படுக்கப் போகும் கட்டிலைப் பார்க்கலாம், பையன்கள் சாப்பிடும் சாப்பாட்டையே உட்கார்ந்து சாப்பிடலாம், பிறகு எல்லாரும் கையை உயர்த்தி உறுதிமொழி எடுப்பதைப் பார்க்கலாம்.

"சரி, நான் லீவு எழுதிக் குடுத்துடறேன்" என்றேன்.

அவன் வடைக் காகிதத்தை மடித்தான். இன்னும் சின்னதாக மடித்தான்.

"ஆளுக்கு இத்தனை பேருன்னு இருக்குப்பா. பேரு குடுத்தாச்சு. அம்மா, பெரியம்மா, பெரியப்பா."

"பெரியப்பா எதுக்கு?"

"அவருதானப்பா எல்லாத்துக்கும் அலைஞ்சாரு." மடித்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "நீங்க வந்தா காமெடி பண்ணுவீங்க" என்றான்.

"நான் எப்படா…"

"பிரைமரில பிரைஸ் குடுத்தப்ப வந்தீங்க. கோப்பைய வாங்கி, இதுல எவ்ளோ தே தாரிக் பிடிக்கும்னு பிரின்சிபால்கிட்ட கேட்டீங்க. அந்த வருஷம் பூரா என்னத் தே தாரிக்னுதான் கூப்டானுங்க."

அந்தக் கேள்விக்கு அன்று பிரின்சிபாலே சிரித்தார். அது என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்று என்று நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"வாயே தொறக்க மாட்டேன்டா."

"உங்களால முடியாதுப்பா." குரலில் அன்பு இருந்தது, அதுதான் மோசம். "ட்ரெய்னிங் முடிஞ்சப்புறம் பாஸிங் அவுட் பரேட் இருக்கு. அதுக்கு நிறைய பேரு வரலாம். அதுக்கு வாங்க."

நிறைய பேரில் ஒருவன். சரி என்றேன். இன்னொரு வடை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். வாசலில் எங்களைத் தேடிக்கொண்டு சகலை வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் என் மகன் கை காட்டிய விதம், தான் எங்கே நிற்கிறோம் என்று வீட்டுக்காரருக்குச் சொல்வது போல இருந்தது.

புது வருஷம் பிறந்து அவர்கள் மூவரும் சிங்கப்பூர் காரில் புறப்பட்டார்கள். சகலை கண்ணாடியை இறக்கினார். "கவலப்படாத தம்பி. நான் பாத்துக்கறேன்."

"அதான்ணே கவலையே" என்றேன். அவர் அதையும் ஜோக் என்று எடுத்துக்கொண்டு, சிரித்தபடி கியரைப் போட்டார். ஒரு மனுஷன் ஆயுள் பூரா விளையாட்டாகப் பேசினால் அவனுடைய கோபத்துக்கும் கைதட்டுதான் கிடைக்கும்.

அவன் சேரும் நாளுக்கு முன்தினம் மனைவியும் பஸ் ஏறினாள். பஸ் நிலையத்தில் என்னிடம், "அங்க போன் பேசக் கூடாதுன்னு அத்தான் சொல்லியிருக்காரு. ஆனாலும் மண்டபத்துல வச்சு வீடியோ போடறேன். நீங்க சத்தம் போடாதீங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவளைப் பாதி மன்னித்துவிட்டேன்.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னேன். ஹாலில் உட்கார்ந்து போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். சட்டையும் மாற்றிக்கொண்டேன், யாருக்கென்று தெரியவில்லை. மத்தியானத்துக்கு மேல் அழைப்பு வந்தது. முதலில் மனைவியின் கைப்பை தெரிந்தது. அப்புறம் சகலையின் தோள். தோளுக்குப் பின்னால் பெரிய மண்டபம், வரிசை வரிசையாகப் பையன்கள், பின்புறம் மட்டும். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் ஒரே தலைதான். என் மகன் எது என்று தேடினேன். லிப்ட் கேபிள்களில் எந்த இழை தேய்ந்திருக்கிறது என்று டார்ச் இல்லாமல் கண்டுபிடிக்கிறவன் நான். சொந்தப் பிள்ளையின் பிடரி அடையாளம் தெரியவில்லை.

கொஞ்சம் இடது பக்கம் நகர்த்து என்று சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டேன்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாகச் சேர்ந்து, என்ன சொல்கிறார்கள் என்று புரியாத ஒரே முழக்கமாகக் கேட்டது. அதில் ஒரு குரல் நான் பெற்றது. கைகள் இறங்கியபோது ஒரு தலை மட்டும் மெல்ல இடது பக்கம் திரும்பி, பின்னால் குடும்பங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தது. அவன்தான். பெரியப்பாவைக் கண்டுபிடித்துத் தலையசைத்தான். அப்புறமும் கண் நகர்ந்தது. பெரியம்மா, அம்மா, அதற்கடுத்து இன்னும் கொஞ்சம், காலியாக இருந்த பக்கம். யாரையோ தேடுவது போல. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

அப்போது சகலையின் குரல் பக்கத்தில் கேட்டது. "போன்ல யாரு?"

"யாரும் இல்ல அத்தான்" என்றாள் என் மனைவி.

படம் சாய்ந்து, கைப்பையின் இருட்டுக்குள் போய், அணைந்தது.

சாயங்காலம் வேறு அழைப்பு. மகன். பையன்களுக்குக் கொஞ்ச நேரம் போன் பேச விடுகிறார்களாம்.

"அப்பா. சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்டா. நீ?"

"ம். முடிய ஒட்ட வெட்டிட்டாங்க. காது ஒன்னு பெருசு, ஒன்னு சின்னதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது." அப்புறம் குரலைக் குறைத்தான். "நீங்க பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்ப்பா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். உறுதிமொழி எடுக்கறப்ப உங்க நெனப்புதான். அப்பாவுக்கு வீடியோ போட்டீங்களான்னு அம்மாகிட்ட கேட்டேன். பெரியப்பாவும் பக்கத்துல நின்னாரு. நீங்க வேலைல பிஸின்னு அம்மா சொன்னாங்க."

ஆமாம்டா, ஒரு லிப்ட் மாட்டிக்கிச்சு என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் சுலபமாக வாயில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது கைவந்த கலை, எனக்கு மட்டும் ஏன் வராது? ஆனால் எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"நான் பாத்தேன்டா. கடைசி வரைக்கும். நீ கைய எறக்கிட்டு இடது பக்கம் திரும்பிப் பாத்தியே, அது வரைக்கும்."

அந்தப் பக்கம் பையன்கள் பேசும் இரைச்சல் குறைந்தது, தள்ளிப் போய் நின்றிருப்பான்.

"அம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"அம்மாகிட்டதான் கேக்கணும்."

"நீங்க ஒன்னுமே பேசலையா?"

"பேசல."

"ஒரு ஜோக்கூட?"

"ஒன்னு வந்துச்சு. முழுங்கிட்டேன்."

"இப்ப சொல்லுங்கப்பா."

தேடிப் பார்த்தேன். எத்தனையோ கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கேட்காமலே வந்து நின்ற வாய் இது. ஒன்றும் இல்லை. யாரோ ஆங்கிலத்தில் அதட்டினார்கள், நேரம் முடிந்தது என்று. "போகணும்ப்பா" என்றான். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் மனைவியின் பெயர் திரையில் வந்தது. அவனிடம் பேசியிருப்பாள். போன் மேசையில் நடுங்கி நடுங்கி அடித்தது. நான் எடுக்கவில்லை. விளக்கைக்கூடப் போடாமல், வீட்டில் யாரும் இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.